ஊதான்னா ஆறுலே

ராப் பாடுகிறவன் ஓய்வு பெறுவதற்கு முறை என்று ஒன்றும் கிடையாது. ஆபீஸ்காரர்களுக்கு மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், குரூப் போட்டோ எல்லாம் உண்டு. நான் ஓய்வு பெற்றது பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படியில். பதினாறு வரியை ஒரே மூச்சில் விடுகிறவன் என்று பேர் வாங்கியவனுக்கு, பதினாறாவது படியில் மூச்சு முட்டிவிட்டது. "பட்டறையில ஈயப் புகைய இருவது வருஷமா இழுத்திருக்கிய. இனிமே எதையும் பைய பேசுங்க" என்றார் டாக்டர். வேகமாகப் பேசுவதுதான் என் தொழில் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? அன்றோடு மைக்கைத் துடைத்து உறையில் போட்டேன். வயது நாற்பத்து மூன்று.

போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ராப் பாடுகிறவர்களாம். சீனியர் என்று என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல மரியாதை. "ஒரு பாட்டு எழுத உங்களுக்கு எத்தன நாளாவும் அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான். மூன்று வாரம் என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க கம்ப்யூட்டர்ட்ட சொன்னா அரை நிமிஷத்துல எழுதித் தருது" என்றான். சரி, அதில் தப்பு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பாட்டுல தப்பா? அத யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ஆள் வந்து பார்த்திருக்கிறார். அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. பேட்டை தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். ராப் வெறி எப்படி வந்தது என்பதெல்லாம் பெரிய கதை இல்லை. பாடத்தை மனப்பாடம் செய்யும்போது தாளம் போட்டுச் சொன்னால் மண்டையில் ஏறியது. நண்பர்கள் முன்னால் சொன்னேன், சிரித்தார்கள், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் கரண்டு, காயில், கெப்பாசிட்டர்தான். மற்றவர்கள் காதலையும் கோபத்தையும் பாடினார்கள். நான் டயோடு ஏன் ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடுகிறது என்று பாடினேன். இந்த மாதிரி பாட்டுக்கு நெர்ட்கோர் என்று வெளிநாட்டில் ஒரு பேர் இருப்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பேர்தான்: படிப்ஸ் பாட்டு.

மேடைப் பெயரில்தான் கோட்டை விட்டேன். மின்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர். அதனால், ராப்காரர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற எம்.சி.யையும் சேர்த்து 'எம்.சி. ஓம்' என்று வைத்துக்கொண்டேன். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்னைப் பக்திப் பாடகர் என்று நினைத்து அழைத்துவிட்டார்கள். மத்தியானக் கொடை, பந்தல் நிறைய பெண்கள். லேப்டாப்போடு போய் இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. திரும்பிப் போக பஸ் இல்லை. வேறு வழியில்லாமல் டிரான்ஸ்பார்மர் பாட்டை எடுத்து விட்டேன். 'ஏத்தவும் தெரியும், எறக்கவும் தெரியும், தொடாமலே தூக்கிக் குடுக்கவும் தெரியும்' என்று போகும். முடிந்ததும் கொடைக் கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்தார். லேப்டாப்பை மூடிப் பையில் போட்டேன்.

"நல்லாருந்துச்சி தம்பி. ஏத்தவும் தெரியும் எறக்கவும் தெரியும்னு அம்மனத்தான சொன்னிய?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். மாலை போட்டு, திருநீறு பூசி, பொங்கச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

தனி ஆளாகப் பாடுகிறவனுக்கு மேலதிகாரி கிடையாது என்பார்கள். எனக்கு இருந்தார். அருளப்பன் அண்ணாச்சி. மணப்பாடு பக்கம் கடற்கரைக்காரர். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போக, இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ரெக்கார்டிங் ரூம் போட்டுவிட்டார். சுவர் முழுக்கத் தென்னை நார் மெத்தை. மாதா பாட்டு, கொடைக்கு வில்லுப்பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற ஜவுளிக்கடை விளம்பரம், நாகூர் போகிறவர்கள் கேட்கிற பாட்டு, எல்லாம் அந்த மெத்தைக்குள் பதிவானவைதான். அந்த வரிசையில் நானும் ஒருவன்.

அவரிடம் பாட்டுப் பதிவு செய்ய நான்கு படி. முதலில் பாட்டு முழுவதையும் பெரிய எழுத்தில் கையால் எழுத வேண்டும். மூச்சு வாங்குகிற இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு போட்ட இடம் தவிர வேறு எங்கும் மூச்சு விடக் கூடாது. இரண்டாவது, இசை இல்லாமல் மேஜையைத் தட்டிப் பாடிக் காட்ட வேண்டும். "மேளம் எல்லாப் பொய்யையும் மூடிரும்வே" என்பார். மூன்றாவதுதான் முக்கியம். விஷயம் தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அந்த ஆளுக்குச் சாட்சி என்று பேர். பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று சாட்சி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் பாட்டைத் திருப்பி எழுத வேண்டும். எனக்குச் சாட்சி பெரும்பாலும் கீழே ஜெராக்ஸ் கடை மாரியப்பன்தான்; என்னால் அவன் மின்காந்தம் வரைக்கும் படித்துவிட்டான்.

நான்காவது படி பதிவு. சத்தம் வரும் என்பதால் ஃபேனை அணைத்துவிடுவார். சரி, நல்லது, பிரமாதம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. திட்டியதும் இல்லை. பாடியது பிடித்திருந்தால் எழுந்து போய் ஃபேனைப் போடுவார். பிடிக்கவில்லை என்றால் உட்கார்ந்தே இருப்பார். சித்திரை மாதத்தில் அந்த மெத்தை அறைக்குள் பதினொரு தடவை பாடி, சட்டையைப் பிழிந்திருக்கிறேன்.

அப்படி எடுத்த பாட்டுகளில் ஒன்றுதான் ஓடியது. ரெசிஸ்டர் பாட்டு. ரெசிஸ்டர் என்பது கரண்டைக் கட்டுப்படுத்துகிற, ஒரு நெல்மணி அளவு சாமான். அதன்மேல் எண் எழுத இடம் போதாது. அதனால் வண்ண வளையம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு எண். இதை மனப்பாடம் செய்யாமல் எலக்ட்ரானிக்ஸில் யாரும் பாஸாக முடியாது. நான் எழுதினேன்:

'செவப்புன்னா ரெண்டுலே, ஆரஞ்சுன்னா மூணுலே,
மஞ்சன்னா நாலுலே, பச்சைன்னா அஞ்சுலே,
ஊதான்னா ஆறுலே, ஊருக்கே கூறுலே!'

அதில் அந்த ஊதா வரிதான் பிடித்துக்கொண்டது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகள் போனுக்குப் போன் அனுப்பினார்கள். பஸ்ஸில் ஒருவன் 'ஊதான்னா' என்றால் பின்சீட்டிலிருந்து நாலு பேர் 'ஆறுலே' என்பார்கள். டவுனில் அல்வா வாங்கப் போனால் என்னை அடையாளம் தெரிந்தது. உண்மையைச் சொல்வதென்றால் தலைகால் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு புர்கா, கையில் ஒரு துணிப்பை. மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் என்று சொன்னார். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர். மஞ்சள், அடுத்து ஒரு வளையம், அடுத்து சிவப்பு.

"நீங்கதான தம்பி அந்தப் பாட்டு பாடுனது? இந்த நடு வளையம் என்ன கலரு?"

"வயலட்டுக்கா."

"தமிழ்ல சொல்லுங்க."

"கத்தரிப்பூ கலரு."

பையிலிருந்து ஐ.டி.ஐ. பாடப்புத்தகத்தை எடுத்து, அட்டவணை இருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். ஆறுக்கு நேரே நீலம். ஏழுக்கு நேரே ஊதா.

சோற்றை மூடி வைத்தேன். எங்கள் வீட்டில் ப்ளூ என்றால் ஊதாதான். ஊதா மை, ஊதாச் சட்டை, ஊதா டப்பா. நீலம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற வார்த்தை. வயலட் என்றால் கத்தரிப்பூ. நான் டிப்ளமோவை இங்கிலீஷில் படித்தவன். ப்ளூ ஆறு என்று படித்ததை வீட்டுத் தமிழில் மாற்றி 'ஊதான்னா ஆறுலே' என்று பாடிவிட்டேன். சாட்சி சொன்ன மாரியப்பனும் தன் ப்ளூ சட்டையைத் தொட்டுக் காட்டித்தான் 'ஊதா ஆறு' என்று சொன்னான். அண்ணாச்சிக்கும் கடல் ஊதா நிறம்தான். மூன்று பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சரிபார்த்திருக்கிறோம்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அடுத்த வரியில கத்தரிப்பூன்னா ஏழுன்னு சொல்லிருக்கேனேக்கா?"

"எங்க தெருவுல விக்கிதது பச்சைக் கத்திரிக்கா. அதோட பூவ யாரு கண்டா? எங்களுக்கு ஊதான்னா இந்த வளையத்துக் கலருதான். அது போக மிச்சம் இருந்தது நீலம். சரி, அதத்தான் என்னமோ சொல்லுதியன்னு ஏழுன்னு வச்சுக்கிட்டேன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். வீட்டுக்காரர் சவுதியில் முதுகு ஒடிந்து திரும்பி வந்து இரண்டு வருஷம். வீட்டுச் செலவு இவர் பீடி சுற்றுவதில் ஓடுகிறது. அதனால் இந்த வயதில் ஐ.டி.ஐ. சேர்ந்து படித்திருக்கிறார். பீடி சுற்றும்போது காதில் என் பாட்டுதான். பாட்டே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. தொழிற்பேட்டையில் எல்.இ.டி. விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் முதல் ஆள் இவர்தான். செய்முறையில் ரெசிஸ்டரைக் கொடுத்து மதிப்பு சொல்லச் சொன்னார்கள்.

"மஞ்ச நாலு, ஊதா ஆறு, கடைசி வளையம் செவப்புன்னா ரெண்டு சைபர்னு இதப் பாத்து நாலாயிரத்து அறுநூறுன்னேன். அந்த சாரு சிரிச்சிட்டாவ. அப்படி ஒரு ரெசிஸ்டர் எந்தக் கடையிலயும் கெடையாதும்மா, இது நாலாயிரத்து எழுநூறுன்னாவ. ஊதாவும் நீலமும் வந்த எடமெல்லாம் தப்பு. எழுத்துல நல்ல மார்க்குன்னு பாவம் பாத்து, வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு தடவ வரச் சொல்லிருக்காவ. அதுலயும் விட்டா எடம் அடுத்த ஆளுக்கு. இன்னும் எட்டு நாள் இருக்கு."

"அக்கா, இன்னைக்கே பாட்ட எடுத்துருதேன்" என்றேன்.

"எடுங்க. ஆனா அது எங்கன இருக்கு தெரியுமா?" தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "இங்கன இருக்கு. புஸ்தகத்தப் பாத்து நூறு தடவ எழுதிட்டேன். ஊதான்னு யாரும் கேட்டா ஆறுன்னுதான் வாயி சொல்லுது. நீங்கதான உள்ள வச்சிய? நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். நியாயம் பேசுகிற குரலில் சொன்னார்.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  கேட்டு முடித்ததும் எழுந்து போய், தன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு வழுக்கை மண்டை. வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. அவர் துடைக்கவில்லை.

பழைய பாட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். அதோடு அதன்கீழ் இருந்த பாராட்டெல்லாம் போயிற்று. தப்பு என்னுடையது என்று ஒரு சின்ன வீடியோ போட்டேன். 'எங்க வீட்லயும் ப்ளூன்னா ஊதாதான், நீரு எதுக்கு வே பயப்படுதீரு' என்று சிலர் எழுதினார்கள். 'அண்ணா, பிராக்டிகல்ல எனக்கும் போச்சு' என்றும் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது வெட்கத்தில் கூசிப்போனேன். ஊருக்கே கூறு என்று சொல்லி ஊருக்கே தப்பைக் கூறியிருக்கிறேன்.

முதலில் வார்த்தையை மட்டும் மாற்றினேன். 'நீலம்னா ஆறுலே.' ரஹ்மத்தக்காவை அண்ணாச்சியின் ரூமுக்கு வரவழைத்தோம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அக்காவுக்குப் பாட்டைப் போட்டோம். கேட்டார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் வீட்டு விஷயம், சவுதி விஷயம் எல்லாம் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக "ஊதா?" என்றார்.

"ஆறு" என்றார் அக்கா. சொன்ன உடனே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மெட்டு அதேதான். அந்த மெட்டு பழைய வார்த்தையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மெட்டையும் தாளத்தையும் மாற்றி எழுதினேன். ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அக்கா தலையை ஆட்டுவார், நன்றாக இருக்கிறது என்பார். அண்ணாச்சி "ஊதா?" என்பார். "ஆறு" என்று வந்துவிடும். பட்டறையில் லீவு போட்டேன். என் வாழ்க்கையிலேயே நல்ல வரி என்று நான் பெருமைப்பட்டதை, அதைவிட நல்ல வரி எழுதித்தான் அழிக்க வேண்டும். அது என்னால் முடியவில்லை.

புதன்கிழமை அக்காவே அலுத்துப்போய்ச் சொன்னார். "தம்பி, நீங்க சத்தத்த மாத்தி மாத்திப் போடுதிய. எனக்குச் சத்தம் வேண்டாம். ஆறுன்னா நீலம்னு சொன்னா, அது ஏன்னு மனசு ஒத்துக்கிடணும். என் மவ படம் வரைவா. ஆத்த வரைஞ்சா என்ன கலரு அடிப்பா?"

"நீலம்" என்றார் அவர் வீட்டுக்காரர், ஓரத்திலிருந்து.

"தாமிரவருணி என்னைக்குவே நீலமா ஓடிச்சு?" என்றார் அண்ணாச்சி.

"ஓடல. ஆனா பிள்ளைய எல்லாம் நீலந்தான அடிக்கி. ஆறுன்னா நீலம். அதுல யாராவது சண்டைக்கு வருவாவளா?" என்றார் அக்கா.

நான் பேனாவை எடுத்தேன். ஆறு. நான் இவ்வளவு நாள் வெறும் எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஏழு வேண்டும். அடுத்த ரெக்கார்டிங்குக்கு வந்திருந்த நாயனக்காரர் ஒருவர் வெளி பெஞ்சில் பொறுமையிழந்து உட்கார்ந்திருந்தார். "இன்னும் எத்தன நேரம்யா? நான் ஊத வேண்டாமா?" என்று கதவைத் தள்ளினார். அண்ணாச்சியும் நானும் ஒரே நேரத்தில் திரும்பி, அவர் கையிலிருந்த நாயனத்தைப் பார்த்தோம். "இதுல விரல் வச்சு ஊதுத ஓட்டை எத்தன?" என்று கேட்டேன். இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்துவிட்டு "ஏழு" என்றார்.

அங்கேயே எழுதினேன்:

'ஆத்துக்கு என்ன நெறம்? நீலம்! நீலந்தான் ஆறு!
ஊதுத நாயனத்துல ஓட்டை எத்தன? ஏழு! ஊதாதான் ஏழு!'

எழுதிய தாளைப் பார்த்தால் அதில் பாதி என்னுடையது இல்லை. பெரிய எழுத்து, சிவப்புக் கோடு, மேஜைத் தட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. நாயனக்காரர் கோபத்தை மறந்து ஒரு ஓரத்தில் ஊதியும் கொடுத்தார். பாடி முடித்தேன். அண்ணாச்சி உடனே கேட்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து எந்த பஸ்ஸில் வந்தீர்கள், மகள் எத்தனாவது படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். அக்கா மடியில் விரல்கள் சும்மா இருக்காமல் இலையைச் சுற்றுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. நடுவில் அண்ணாச்சி "ஊதா?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார். விரல்கள் நின்றன. "ஏழு" என்றார்.

"நீலம்?"

"ஆறு."

அண்ணாச்சி எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அக்கா அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பீடி சுற்றியதாக அவர் வீட்டுக்காரர் சொன்னார். சனிக்கிழமை காலையில் நான் பட்டறைக்குப் போனேனே தவிர, ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்து வெடிக்க விட்டேன். அந்தக் கம்பெனி எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போய் வாசலில் நிற்கலாமா என்று தோன்றியது. என்னைப் பார்த்தால் அக்காவுக்குப் பழைய பாட்டு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து போகவில்லை.

பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"தம்பி, பத்து ரெசிஸ்டர் வச்சாவ. பத்தும் சரி."

 கைதட்டல் நிறைய வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அழுத மாதிரி எந்த மேடையிலும் நான் அழுததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழசு வரலியாக்கா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா? மொதல்ல அதான் வந்துச்சி. பைய வாயப் பொத்திக்கிட்டு ஆத்த நெனச்சேன்."

"சாரு என்ன சொன்னாவ?"

"எட்டு நாள்ல யாரும்மா உனக்கு இதச் சரியாச் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டாவ. மொதல்ல தப்பாச் சொல்லிக்குடுத்தாருல்லா, அவரேதான் வந்து மாத்திச் சொல்லிக்குடுத்துட்டுப் போனாருன்னேன்."

"அதுக்கு?"

"அப்படியும் ஒரு ஆளான்னு கேட்டாவ. கேட்டுட்டு, திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாவ."